இடுகுறிப் படமும் காரணப் படமும்: சிவகாசி லேபிள் மரபும் கணினி விளையாட்டின் விற்பனைச் சிறுபடமும்

ஆய்வுச்சுருக்கம்

விளம்பரத்திற்குப் பெரும்பொருள் செலவிட இயலாத சிறு உற்பத்தியாளர், தம் பொருளை வாங்குவோர் கண்முன் நிறுத்துவதற்குப் பல வேளைகளில் கையில் உள்ளது அப்பொருளின் மேலுள்ள சிறு படம் மட்டுமே. விருதுநகர் மாவட்டத்துத் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்கள் இந்நிலையில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக இயங்கி வருகின்றன. இணைய விற்பனைத்தளங்களில் கணினி விளையாட்டுகளை வெளியிடும் சிறு குழுக்களும் இன்று அதே நிலையில் நிற்கின்றன. இடுகுறி, காரணம் என்று நன்னூல் வகுக்கும் பெயர்ப் பாகுபாட்டைப் படத்திற்குப் பொருத்திச் சிவகாசி லேபிள்களை வகைப்படுத்துவதும், அவ்வகைப்பாட்டின் துணையால் விளையாட்டுச் சிறுபடத்தை வடிவமைக்கும் முறையை விளக்குவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: சிவகாசி, தீப்பெட்டி லேபிள், பட்டாசு, இடுகுறி, காரணம், சிறுபடம், கணினி விளையாட்டு, தமிழ் எழுத்துரு

முன்னுரை

ஸ்டீம் என்னும் விற்பனைத்தளத்தில் 2024ஆம் ஆண்டில் மட்டும் 18,000க்கும் மேற்பட்ட விளையாட்டுகள் வெளியாயின. சராசரியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐம்பது. பெருநிறுவனங்களின் சில வெளியீடுகளை ஒதுக்கிவிட்டால், எஞ்சியவற்றுள் மிகப் பல ஒருவரோ நால்வரோ சேர்ந்து உருவாக்கியவை. இண்டி விளையாட்டுகள் என்று வழங்கப்படுபவை. இவற்றிற்குத் தொலைக்காட்சி விளம்பரம் இல்லை. கடைத்தெருவில் பதாகை இல்லை. பட்டியலை மேலும் கீழும் நகர்த்திச் செல்லும் ஒருவர் கண்ணில் நொடிப்பொழுது படும் ஒரு செவ்வகப் படமே அவற்றின் முதல் அறிமுகம். அப்படத்தைச் சொடுக்கினால்தான் காட்சித்துணுக்கும் விளக்கவுரையும் விலையும் தெரியவரும். பல ஆண்டு உழைப்பு அந்த ஒரு சொடுக்கைச் சார்ந்திருக்கிறது என்பது மிகைக்கூற்று அன்று.

தமிழுலகைச் சார்ந்த சான்று ஒன்றும் உண்டு. கனடாவின் டொராண்டோ நகரைச் சேர்ந்த விசை கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம் 2023 ஜூலை 31 அன்று ‘வெண்பா’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. 1980களில் கனடாவிற்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தையும் அதன் சமையலையும் பற்றிய இவ்விளையாட்டு, 2024இல் பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைகள் கழகத்தின் அறிமுக விளையாட்டு விருதைப் பெற்றது. வெண்பா யாப்பின் பெயர் என்பதும், அதுவே ஒரு தாயின் பெயராக அமைந்துள்ளது என்பதும் தமிழறிந்தோர்க்கு உடனே விளங்கும். உலகெங்கும் அதை வாங்கியவர்களில் பெரும்பாலோர்க்கு அச்சொல் பொருளற்ற ஓர் ஒலி. அவர்களுக்குப் பெயர் இடுகுறியாகவே நிற்கிறது. காரணத்தைப் படம்தான் சொல்லியாக வேண்டும். இதே சிக்கலைத் தமிழகத்தில் முதலில் எதிர்கொண்டவர்கள் விளையாட்டு வடிவமைப்பாளர்கள் அல்லர், தீப்பெட்டி உற்பத்தியாளர்களே.

சிவகாசிப் பின்புலம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியச் சந்தையில் விற்ற தீப்பெட்டிகளில் மிகப் பல ஜப்பானிலிருந்தும் ஸ்வீடனிலிருந்தும் வந்தவை. இந்நாட்டு வாங்குவோரைக் கருதி அவ்வெளிநாட்டு ஆலைகள் இந்துத் தெய்வங்களின் உருவங்களைத் தம் லேபிள்களில் அச்சிட்டன. இரவிவர்மா அச்சோவியங்களைத் தழுவியனவும் அவற்றுள் உண்டு. பொருளைச் செய்தவனும் வாங்கியவனும் ஒருவர் மொழியை ஒருவர் அறியாத நிலையில் படமே இடைமொழியாக நின்றது.

பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிச் சிவகாசியில் தொடங்கிய வரலாறு நன்கறியப்பட்டது. ஸ்வீடன் மூலதனத்தில் விம்கோ நிறுவனம் இந்தியாவில் 1923இல் தோன்றியது. ஒருபக்கம் இயந்திரமும் பெருமுதலும். மறுபக்கம் கைத்தொழிலும் குறைமுதலும். 1934இல் தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி விதிக்கப்பட்டபோது, வரி செலுத்தியதற்கு அடையாளமாகப் பெட்டியின் மேல் ஒட்டப்பட்ட தாள்பட்டை லேபிளின் இடத்தையும் ஓரளவு கவர்ந்துகொண்டது. அரசின் முத்திரைக்கும் உற்பத்தியாளரின் படத்திற்கும் இடையே இடத்திற்கான போட்டி அன்றே தொடங்கிவிட்டது.

தீப்பெட்டி லேபிளுக்காகவே சிவகாசியில் அச்சுத்தொழில் வளர்ந்தது. பின்னர் அது நாட்காட்டி, பாடநூல், அழைப்பிதழ் என விரிந்தது. அண்மையிலுள்ள கோவில்பட்டியில் சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவர்தம் மாணவர்களும் வரைந்த தெய்வப்படங்கள் சிவகாசி அச்சகங்களின் வழி நாடெங்கும் பரவின. இம்மரபை ஸ்டீபன் இங்கிலிஸ், கஜ்ரி ஜெயின் ஆகியோர் ஆராய்ந்துள்ளனர். நாட்காட்டிப் படம் சுவரில் ஓராண்டு தொங்குவது. நின்று பார்க்க நேரம் தருவது. லேபிளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. எனவே நாட்காட்டி ஓவியத்திற்குக் கிடைத்த ஆய்வுக் கவனம் லேபிளுக்குக் கிடைக்காததில் வியப்பில்லை. ஆயினும் வடிவமைப்புச் சிக்கல் என்ற அளவில் லேபிளே கடினமானது.

தீப்பெட்டி: இடுகுறிச் சிறப்புப் படம்

நன்னூல் பெயர்களை இடுகுறி, காரணம் எனப் பகுத்து ஒவ்வொன்றையும் பொது, சிறப்பு என மேலும் பகுக்கிறது. மரம் இடுகுறிப் பொது. பனை இடுகுறிச் சிறப்பு. பறவை காரணப் பொது. மரங்கொத்தி காரணச் சிறப்பு என்பன மாணவரும் அறிந்த எடுத்துக்காட்டுகள். இப்பாகுபாடு விற்பனைப் படத்திற்கும் பொருந்துகிறது.

அணிலுக்கும் நெருப்புக்கும் தொடர்பில்லை. சேவலுக்கும் கப்பலுக்கும் கூட அவ்வாறே. தீப்பெட்டியின் மேல் இவை இடப்பட்டதற்குப் பொருளின் தன்மையில் காரணம் தேட இயலாது. ஒரு பெட்டியை மற்றொரு பெட்டியினின்று பிரித்தறிவதே இவற்றின் பணி; ஆகவே இவை இடுகுறிச் சிறப்புப் படங்கள். ‘அணில் மார்க்’, ‘கப்பல் மார்க்’ என்று ‘மார்க்’ என்னும் சொல்லைச் சேர்த்து வழங்கும் தமிழ்ப் பேச்சு வழக்கு இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் கடையில் நின்று வாயால் சொல்லத்தக்கதாகப் படம் இருந்தாக வேண்டும். சொல்லமுடியாத படம் விற்காது. மிக அழகிய ஒரு பூவேலைப்பாட்டை லேபிளில் அச்சிடலாம். ஆனால் அதை ஒரு சிறுவன் கடைக்காரரிடம் எப்பெயரிட்டுக் கேட்பான்?

விலையும் இங்குக் கருதத்தக்கது. தீப்பெட்டியின் சில்லறை விலை 2007இல் ஐம்பது காசிலிருந்து ஒரு ரூபாயாக உயர்ந்தது. பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாயாயிற்று. உற்பத்தியாளர் சங்கங்கள் கூடி எடுத்த முடிவாதலால் விலை எல்லார்க்கும் ஒன்றே. குச்சியின் எண்ணிக்கையிலும் பெரிய வேறுபாடு இல்லை. விலையும் அளவும் ஒத்திருக்கும்போது வேறுபாடு முழுவதையும் ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் நீளமும் மூன்றரை சென்டிமீட்டர் அகலமும் உள்ள படமே சுமக்க நேர்கிறது.

ஒரு பெட்டி தீர்ந்தால் அடுத்தது வாங்கப்படும். இந்த மீள்வாங்கல்தான் இடுகுறிப் படத்தைச் செயற்பட வைக்கிறது. முதல் முறை அணில் எதையும் உணர்த்தாது. பத்தாம் முறை அது நனையாத குச்சியையும் உதிராத மருந்தையும் உணர்த்தும். இடுகுறிக்குப் பொருள் வழக்கால் வருவது என்னும் இலக்கணக் கொள்கை வணிகத்தில் மெய்ப்படுவதை இங்குக் காணலாம். தெருவோரங்களில் பொறுக்கிய லேபிள்களைச் சிறுவர்கள் சீட்டுபோல் அடுக்கிப் பந்தயப் பொருளாக வைத்து ஆடியதும் இதன் நீட்சியே. படத்தின் பெயரைச் சொல்லி அடையாளம் காண முடிந்ததால்தான் அது ஆட்டத்தில் செல்லுபடியாயிற்று.

படத்தை நினைவில் கொள்ளும் முறை பற்றி நீதிமன்றங்களும் கூறியுள்ளன. பார்லே நிறுவனத்திற்கும் மைசூரைச் சேர்ந்த ஜே.பி. நிறுவனத்திற்கும் இடையே பிஸ்கட் உறை பற்றி எழுந்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1972இல் தீர்ப்பளித்தது. இரண்டு உறைகளிலும் நடுவே ஒரு பெண், சூழப் பசுக்களும் கோழிகளும். ஒருத்தி கையில் வாளி, மற்றொருத்தி தலையில் புல்கட்டு. அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடுகள் பலவாகத் தோன்றும். ஆனால் வாங்குவோன் அவ்வாறு பார்ப்பதில்லை, பொதுத்தோற்றத்தையே மனத்தில் கொள்கிறான் என்று நீதிமன்றம் கருதியது. சாதாரண வாங்குவோனிடம் ஷெர்லாக் ஹோம்சின் கூர்நோக்கை எதிர்பார்க்க இயலாது என்றும் சுட்டியது. போலி லேபிளைத் தடுப்பதற்கு எழுந்த இக்கொள்கை, வடிவமைப்பாளர்க்கு நேர்மாறான பாடமாகவும் பயன்படும். நினைவில் நிற்பவை நிறமும் நடுவுருவமும் அவற்றின் அமைப்பிடமும் மட்டுமே. கோழிகளின் எண்ணிக்கை நிற்பதில்லை. ஆதலால் கோழிகளை வரையச் செலவிட்ட நேரம் வீண்.

பட்டாசு: காரணப் பொதுப் படம்

பட்டாசு லேபிளின் இயல்பு வேறு. தீப்பெட்டி நாள்தோறும் வாங்கப்படுவது; பட்டாசு பெரும்பாலும் ஆண்டிற்கொருமுறை வாங்கப்படுவது. முந்தைய தீபாவளியில் வாங்கிய பெட்டியின் படம் நினைவில் இருக்குமென்று உற்பத்தியாளர் நம்ப இயலாது. மேலும் பொருளைப் பிரித்துப் பார்த்து அதன் தன்மையை அறியவும் வழியில்லை. தாளால் சுற்றிய ஒரு குழலைக் கையில் வைத்துப் பார்ப்பவர்க்கு அது சீறுமா, சுழலுமா, மேலே பறக்குமா என்பது தெரியாது. எனவே கம்பி மத்தாப்புப் பெட்டியில் மத்தாப்பைப் பிடித்த குழந்தை, புஸ்வாணப் பெட்டியில் மேலெழும் ஒளியூற்று, சங்குசக்கரப் பெட்டியில் சுழலும் வட்டம் எனப் பயன்விளைவே படமாகிறது. இவை காரணப் படங்கள். எல்லா ஆலைகளின் புஸ்வாணத்திற்கும் ஒளியூற்றே படமாதலால் காரணப் பொது என்று சொல்வது தகும்.

அவ்வாறாயின் ஓர் ஆலையின் புஸ்வாணத்தை இன்னொன்றினின்று எப்படிப் பிரித்தறிவது? பெட்டியின் மூலையில் காளீஸ்வரி நிறுவனத்தின் சேவல்போல் ஒரு சிறு மார்க் இருக்கும். நடுவில் பெரிதாகக் காரணப் பொது. ஓரத்தில் சிறிதாக இடுகுறிச் சிறப்பு. சிவகாசிப் பட்டாசு லேபிளின் அடிப்படைக் கட்டமைப்பு இதுவே எனலாம். ‘இது என்ன வகை’ என்ற வினாவிற்கு முதலிலும், ‘இது யாருடையது’ என்ற வினாவிற்கு அடுத்தும் அது விடை தருகிறது.

இக்கட்டமைப்பில் ஓர் இடர் உண்டு. லட்சுமி வெடி என்பதை நோக்கலாம். லேபிளிலுள்ள தெய்வத்தின் பெயரே வெடிக்கும் பெயராயிற்று. பின்பு ஆலை வேறுபாடின்றி அவ்வகை வெடி முழுவதற்கும் பெயராயிற்று. இன்று பல ஆலைகள் அதே தெய்வத்தை அச்சிடுகின்றன. குருவி வெடியின் நிலையும் இத்தகையதே. சிறப்புப்பெயர் பொதுப்பெயராக விரிந்தபின் அது எவர்க்கும் உரியதன்று. (தெய்வ உருவம் வெடித்துச் சிதறி மிதிபடுவது பற்றிய எதிர்ப்பு தீபாவளிதோறும் எழுகிறது, அது தனியே ஆராயத்தக்கது.) விளையாட்டுத் துறையிலும் இதற்கு நிகர் உண்டு. 1980இல் வெளியான ‘ரோக்’ என்னும் விளையாட்டின் பெயர் ‘ரோக்லைக்’ என்று ஒரு வகைமையின் பெயராகிவிட்டது. அவ்வகைமைக்குரிய காட்சி அடையாளங்களை மட்டுமே அச்சிட்ட சிறுபடம், லட்சுமி படத்தை அச்சிட்ட இன்னொரு பெட்டியாகவே நின்றுவிடும்.

விளையாட்டுச் சிறுபடம் எவ்வகை?

விளையாட்டு ஒருவரால் ஒருமுறையே வாங்கப்படுகிறது. தீப்பெட்டிக்குரிய மீள்வாங்கல் இங்கு இல்லை. எனவே தூய இடுகுறிப் படம் சிறு குழுவிற்கு உதவாது. பெயர்பெற்ற தொடரின் ஐந்தாம் பாகத்திற்கு வெற்றுப் பின்னணியில் ஒரு சின்னமே போதும். முதல் விளையாட்டை வெளியிடுவோர் அதைப் பின்பற்றுவது பெருந்தவறு. தொடக்க வடிவமைப்பாளர் பலர் செய்வதும் அதுவே. தாம் விரும்பும் புகழ்பெற்ற விளையாட்டின் படத்தை முன்மாதிரியாகக் கொள்கின்றனர்; அப்படத்தைப் புரியவைத்த இருபதாண்டு வழக்கு தமக்கு இல்லை என்பதை மறந்துவிடுகின்றனர்.

பட்டாசின் காரணப் பொதுவும் தனியே போதாது. வேளாண்மை விளையாட்டு என்றால் பசும்புல்வெளியும் வைக்கோல் தொப்பியும், திகில் விளையாட்டு என்றால் இருண்ட வழியும் ஒற்றை விளக்கும் எனப் பட்டியல் முழுதும் ஒரே படம் திரும்பத் திரும்ப வருகிறது. விளையாட்டுச் சிறுபடம் காரணப் பொதுவாகத் தொடங்கிக் காரணச் சிறப்பாக முடிதல் வேண்டும். பறவை என்று அறியச் செய்து, உடனே மரங்கொத்தி என்று தெளிவித்தல் போன்றது அது. அகப்பாடலில் ஒரு கருப்பொருள் திணையை உணர்த்துவதோடு அமையாமல், அப்பாடலுக்கே உரிய தனிச் சூழலையும் சுட்டுவதை இதனோடு ஒப்பிடலாம். ‘வெண்பா’வை எடுத்துக்கொண்டால், சமையல் என்பது பொது, தமிழ்த் தாய் ஒருத்தி அயல்நாட்டில் சமைக்கிறாள் என்பது சிறப்பு. சேலையும் அடுப்பும் ஒரே சட்டத்தில் அமையும்போது இரண்டும் ஒருங்கே கிடைக்கின்றன.

அச்சுக்கல்லும் பிக்சலும்

லித்தோ அச்சில் ஒவ்வொரு நிறத்திற்கும் ஒரு கல் வேண்டும். கல் கூடக்கூடச் செலவு கூடும். ஒரு பெருந்தாளில் பல லேபிள்களைச் சேர்த்து அச்சிட்டு வெட்டுவதால், ஒரு நிறத்தின்மேல் மற்றொரு நிறம் மயிரிழை விலகி விழுவதும் இயல்பு. அவ்விலகலை மறைக்கும் வழி உருவத்தைச் சுற்றித் தடித்த கறுப்புக்கோடு இடுவது. பழைய லேபிள்களின் தெளிவு கலைக்கொள்கையால் மட்டும் வந்ததன்று. குறைந்த நிறமும் தடித்த கோடும் அச்சுமுறை கட்டாயப்படுத்தியவை. ஆஃப்செட் அச்சு பரவிய பின் எத்தனை நிறச்சாயலையும் அச்சிட முடிந்தது. பட்டாசுப் பெட்டிகளில் புகைப்படங்களும் திரைநடிகர் முகங்களும் நெருக்கமாக இடம்பெற்றன. ஆறடி தொலைவில் நின்று பார்த்தால் அவற்றுள் பல ஒரே செம்மஞ்சள் கலவையாகத் தெரிகின்றன.

கணினித் திரையில் கோடிக்கணக்கான நிறங்களைக் காட்டலாம். கட்டாயப்படுத்தும் கல் அங்கு இல்லை. வடிவமைப்பாளர் தம் திரையில் பெரிதாக வைத்து வரைகிறார். வாங்குவோர் சுருங்கிய அளவில் பார்க்கிறார். ஸ்டீம் தளம் முதன்மைப் படத்தை 1232 × 706 பிக்சலிலும், சிறுபடத்தை 462 × 174 பிக்சலிலும் கேட்கிறது. ஆனால் சிறுபடம் பட்டியல்களில் 120 × 45 பிக்சல் வரை சுருக்கப்படுகிறது. இட்ச் தளத்தின் முகப்புப் படம் 630 × 500. கூகுள் பிளேயின் சின்னம் 512 × 512. ஒரே ஓவியத்தை இவையனைத்திற்கும் வெட்டிப் பொருத்துவது சிக்கனமாகத் தோன்றினும் பயன்தராது. நீள்செவ்வகத்தில் வலப்பக்கம் நின்ற நாயகன் சதுரத்தில் பாதி முகமாகிவிடுவான். லித்தோ ஓவியர் கல்லுக்கேற்ப நிறத்தைக் குறைத்ததுபோல், ஒவ்வோர் அளவிற்கும் பொருளைக் குறைத்து மீண்டும் அமைப்பதே முறை. மிகச்சிறிய அளவில் விளையாட்டின் பெயரும் ஒரு நிறத்தளமும் மட்டுமே எஞ்சினாலும் தவறில்லை.

உருவம் பின்னணியினின்று ஒளிவேறுபாட்டால் பிரிந்து நிற்க வேண்டும் என்பதும் இதனோடு சார்ந்தது. படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்ப்பது எளிய சோதனை. சிவப்பின்மேல் பச்சை நிறத்தில் பளிச்சென்று தெரிந்த உருவம் சாம்பல் நிறத்தில் கரைந்துபோனால், சிறிய அளவிலும் நிறப்பார்வைக் குறையுடையோர் கண்ணிலும் அது கரைந்தே போகும்.

எழுத்தின் சிக்கல்

சிவகாசித் தீப்பெட்டி வட இந்தியச் சந்தையையும் நோக்கியது. ஆகவே லேபிள்களில் ஆங்கிலப் பெயரே மிகுதி, தமிழெழுத்து அரிது. விளையாட்டுச் சிறுபடத்தில் தமிழ்ப் பெயரைத் தமிழெழுத்தில் இட விரும்புவோர்க்கு முன்மாதிரி குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

120 × 45 பிக்சல் சட்டத்தின் உயரம் குறைவு. தமிழில் இகர, ஈகார மெய்களின் விசிறி எழுத்தின் மேலும், உகர, ஊகாரக் குறிகள் பல எழுத்துகளின் கீழும் நீள்கின்றன. மேலுக்கும் கீழுக்கும் இடம் ஒதுக்கியபின் எழுத்தின் உடலுக்கு எஞ்சுவது ஏறத்தாழப் பாதி உயரமே. உரோமன் எழுத்திலுள்ள முழுப்பெரிய எழுத்துகளுக்கு இந்த இழப்பு இல்லை. ண, ணை, ஞ போன்ற எழுத்துகளின் சுழிகள் சிறிய அளவில் அடைபட்டுக் கரும்புள்ளியாகின்றன. மெய்யெழுத்தின் புள்ளி மறைந்தேவிடுகிறது. ஓலைச்சுவடியில் புள்ளியின்றி எழுதியதைச் சூழல் நோக்கிப் படித்த பதிப்பாசிரியரின் பயிற்சியை ஒரு நொடி மட்டும் பார்க்கும் வாங்குவோரிடம் எதிர்பார்க்க முடியாது.

‘எரி’ என்று ஒரு விளையாட்டுக்குப் பெயரிடுவதாகக் கொள்வோம். எகரத்திற்கும் ஏகாரத்திற்கும் வரிவடிவ வேறுபாடு கீழே நீளும் ஒரு சிறு கோடே. அக்கோட்டின் இன்மை தெளிவாகத் தெரியாவிடில் நெருப்பு நீர்நிலையாகிவிடும். பெயரைத் தேர்ந்தெடுக்கும்போதே அதன் எழுத்துருவைச் சிறிய அளவில் வரைந்து பார்ப்பது இதனால் இன்றியமையாதது. குறுகிய சொல், மேல்கீழ்க் குறிகள் குறைந்த சொல், சுழி நெருங்காத சொல் ஆகியன நலம் பயக்கும். கணினியில் கிடைக்கும் பொது எழுத்துருவை அப்படியே இடாமல், சுழிகளின் உள்வெளியைப் பெரிதாக்கிக் கையால் வரைவது பழைய திரைப்படத் தலைப்பு எழுத்தாளரும் சுவர் விளம்பர ஓவியரும் கையாண்ட வழி. அவர்களின் திறம் இத்துறைக்கு நேரடியாகப் பயன்படக்கூடியது.

படம் பொய்க்கும்போது

உச்சநீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று பட்டாசு பற்றி அளித்த தீர்ப்பில் பசுமைப் பட்டாசுகளையே அனுமதித்ததோடு, இணைய வணிகத் தளங்களில் பட்டாசு விற்பதையும் தடைசெய்தது. இணையக் கடையில் சிறுபடமாக நிற்கும் உரிமை பட்டாசுக்கு அன்றே போயிற்று. பின்னர்த் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தின் பசுமைச் சின்னமும் துரிதவினைக் குறியீடும் பெட்டியில் இடம்பெற்றன. 1934இன் வரிப்பட்டைபோல, அரசுச் சான்று மீண்டும் லேபிளுக்குள் வந்தது. 2021இல் அதே நீதிமன்றம், நடுவண் புலனாய்வு அமைப்பின் அறிக்கையை ஆய்ந்து, தடைசெய்யப்பட்ட பேரியம் உப்புகள் பயன்படுத்தப்பட்டதையும் பெட்டிகளில் உள்ளடக்கம் தவறாகக் குறிக்கப்பட்டதையும் கடுமையாகச் சுட்டியது. சில பெட்டிகளின் பொய்யால் மெய் சொன்ன ஆலைகளின் பசுமைச் சின்னமும் ஐயத்திற்கு இடமாயிற்று. நம்பிக்கை இழந்த காரணப் படத்திற்கு இடுகுறியின் மதிப்புக்கூட இல்லை.

விளையாட்டுத் தளங்களும் இதே வழியில் கட்டுப்பாடு விதித்துள்ளன. 2022 செப்டம்பர் 1 முதல் ஸ்டீம் தளத்தின் அடிப்படைப் படங்களில் விளையாட்டின் ஓவியம், பெயர், அதிகாரமுறைத் துணைத்தலைப்பு ஆகியவை தவிர வேறெதுவும் இடம்பெறலாகாது. விருதுப் பெயர், மதிப்பீட்டு எண், தள்ளுபடி அறிவிப்பு ஆகிய யாவும் விலக்கப்பட்டன. கூகுள் பிளேயும் ‘முதலிடம்’, ‘இலவசம்’ போன்ற சொற்களைச் சின்னத்தில் இட ஒப்புவதில்லை. இக்கட்டுப்பாடு சிறு குழுக்களுக்கே நன்மை தருவது. விருதுகளின் பட்டியலை அச்சிடப் பெருநிறுவனத்திடம் நிறைய இருக்கும். எல்லாரும் ஓவியத்தை மட்டுமே காட்ட வேண்டுமெனில் போட்டி ஓரளவு சமநிலை பெறும்.

எனினும் ஓவியம் உண்மையைச் சொல்கிறதா என்பதை விதியால் அளக்க முடியாது. கொளுத்திய வெடியைத் திருப்பித்தர இயலாது. ஸ்டீமில் வாங்கிய விளையாட்டை, பதினான்கு நாளுக்குள்ளும் இரண்டு மணிநேரத்திற்குக் குறைவாக ஆடியிருந்தாலும் திருப்பித்தந்து பணத்தைப் பெறலாம். போர்க்களக் காட்சியைச் சிறுபடமாக வைத்து, உள்ளே பொறுமையாக அடுக்கி ஆடும் புதிர் விளையாட்டைத் தந்தால், சொடுக்கு மிகும், திருப்பமும் மிகும், குறைகூறும் மதிப்புரைகள் நிலையாகத் தங்கும். மேலும், அப்புதிரை உண்மையில் விரும்பியிருக்கக்கூடியவர் போர்க்களத்தைக் கண்டு கடந்து சென்றிருப்பார். சொடுக்கு எண்ணிக்கையை மட்டும் வைத்துப் படத்தை மதிப்பிடுவதன் குறைபாடு இது.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டு

மேற்கூறியவற்றைப் பொருத்திப் பார்க்க, முன்னர்ச் சுட்டிய ‘எரி’ என்னும் பெயரில் சாத்தூர்ப் பகுதித் தீப்பெட்டித் தொழிலைக் களமாகக் கொண்ட விளையாட்டு ஒன்றைக் கற்பனை செய்யலாம். ஆடுபவர் சட்டத்தில் குச்சிகளை அடுக்குகிறார். இப்பகுதியில் கட்டை அடுக்குதல் என்று வழங்கும் வேலை அது. வேகம் கூடக்கூடக் கூலி கூடுகிறது, பிழையும் கூடுகிறது.

முதல் வரைவில் இருள்வானில் சிதறும் வாணவேடிக்கை. கண்ணைக் கவரும், ஆனால் அது பட்டாசுக்குரியது. அதிரடி விளையாட்டை நாடுவோரே சொடுக்குவர். இரண்டாம் வரைவில் பழைய லேபிளைப்போல் ஒரு விலங்கின் உருவம். அறிந்தவர்க்கு அழகிய நினைவூட்டல். அறியாதவர்க்கு விலங்கு பற்றிய விளையாட்டு. இடுகுறி இங்கே தவறான காரணமாக மாறிவிடுகிறது. மேலும் உயிருடன் வழங்கும் ஒரு மார்க்கை ஒத்திருந்தால் வணிகக்குறிச் சட்டமும் குறுக்கிடும். மூன்றாம் வரைவில் குச்சிச் சட்டமும் அதன்மேல் விரைந்து இயங்கும் விரல்களும்.

மூன்றாவதில் சொல்லத்தக்க செய்தி ஒன்று உள்ளது. தீப்பெட்டி, பட்டாசு லேபிள்களில் மத்தாப்புப் பிடித்த குழந்தையைக் காணலாம். மத்தாப்பைச் செய்த கையை வழக்கமாகக் காண முடிவதில்லை. இத்தொழிலில் குழந்தைகள் ஈடுபடுத்தப்பட்டது பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இப்பின்புலமுள்ள களத்தை எடுத்துக்கொண்டு ஒளிச்சிதறலை மட்டும் முகப்பில் வைப்பது, விளையாட்டின் பொருளையே லேபிள் மரபின் பழைய மறைப்பிற்குள் திரும்பத் தள்ளுவதாகும். விபத்தின் தீயைக் கவர்ச்சியாக்குவதும் அதே அளவு தகாதது. வேலை செய்யும் கை இவ்விரண்டிற்கும் புறம்பானது. விளையாட்டில் ஆடுபவர் உண்மையில் செய்யும் செயலும் அதுவே.

ஆனால் இவ்வரைவை 120 × 45 அளவிற்குச் சுருக்கினால் குச்சிகள் சாம்பல்நிறக் கட்டமாகக் குழம்பும். ஐம்பது குச்சிகளை வரைய வேண்டியதில்லை. ஐந்து தடித்த குச்சிகள், அவற்றின் சிவந்த முனைகள், இரு விரல்நுனிகள், அடர்நீலத் தளம் ஆகியன போதும். ஐந்தாம் குச்சி சற்றே சாய்ந்து நின்றால், அடுக்குதலும் பிழையும் ஒருங்கே புலப்படும். முதன்மைப் படத்தில் மட்டும் அடுக்குபவரின் முகத்தைச் சேர்க்கலாம். பின்னர் இவ்வரைவைத் தனியே வைத்துப் பார்க்காமல், அதே வகைமையைச் சார்ந்த இருபது விளையாட்டுகளின் சிறுபடங்களுக்கு நடுவே ஒட்டி, விளையாட்டைப் பற்றி எதுவும் அறியாத சிலரிடம் ஓரிரு நொடி காட்டி மறைத்து, என்ன கண்டார்கள் என்று கேட்க வேண்டும். ‘நன்றாக இருக்கிறதா’ என்ற வினா பயனற்றது. ‘தீக்குச்சி அடுக்குவது’ என்ற விடை வந்தால் காரணம் சென்றடைந்தது எனலாம். ‘பென்சில்’ என்ற விடை வந்தால் முனைகளின் சிவப்பையும் உருண்டையையும் மிகுவித்து மீண்டும் வரைய வேண்டும். பெயரை ‘ஏரி’ என்று எவரேனும் படித்தால், எகரத்தின் அடிப்பகுதியைப் பின்னணிக் குச்சி எதுவும் தொடாதவாறு எழுத்தை மேலேற்றிவிட்டு, புதிய சிலரிடம் மறுபடியும் காட்ட வேண்டும்.